பையில் இருந்த இரண்டு கெப்பாசிட்டர்கள்

அத்தியாயம் 3

மாடிப்படியில் யாரோ மூன்று படி ஏறுவதும் இரண்டு படி இறங்குவதுமாகச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“வர்ற ஆளு ரெண்டு மனசா இருக்கார், அண்ணி” என்றான் கொழுந்தன், கையிலிருந்த வாரப் பத்திரிகையை மடிக்காமலேயே.

“மூணு ஏறி ரெண்டு இறங்கினாலும் ஒரு படி மேலதானே வர்றார். வரட்டும். நீ முதல்ல மேஜை மேல இருந்து காலை எடு.”

அண்ணி இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு சரிபார்க்கும் வேலையில் இருந்தவர். எரிந்துபோன கடைக்குள் போனால் எது எரிந்தது என்று பார்க்க மாட்டார். எது எரியவில்லை, அதை முதல் நாளே வெளியே எடுத்து வைத்த புண்ணியவான் யார் என்றுதான் பார்ப்பார். வேலையை விட்ட மறு மாதமே ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, ‘துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டிவிட்டார். பலகை மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொள்ள வந்தவன்தான் அவர் கணவரின் தம்பி. ஏணியை விட்டானே தவிர அண்ணியை விடவில்லை. அதற்குமுன் ஏழு இடத்தில் வேலை பார்த்து, நுணலும் தன் வாயால் கெடும் என்பதை ஏழு இடத்திலும் நிரூபித்துவிட்டு வந்திருந்தான். எட்டாவது இடத்தில் வாய்க்குப் பூட்டு இல்லை என்பதால் நிலைத்துவிட்டான்.

கதவருகில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு கான்வாஸ் பை. பஸ் டிரைவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“மேடம், நான் ஒரு தப்பு செஞ்சேனா இல்லையான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

“அண்ணி, இது நமக்குப் புது மாதிரி கேஸு” என்றான் கொழுந்தன். “வழக்கமா செஞ்சவருக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது. இங்க செஞ்சவருக்கே தெரியலையாம்.”

அண்ணி ஒரு பார்வை பார்த்தார். அவன் பத்திரிகைக்குப் பின்னால் போய்விட்டான்.

டிரைவர் சொன்ன கதை இதுதான். அவருக்கு ஒரே அக்கா. அக்காவின் கணவர் கோட்டு தைப்பதில் பேர்போன தையல்காரர். தையல்காரருக்கு உயிர் என்றால் அது ஒரு ஸ்டீரியோ ரிசீவர். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற, வெள்ளி முகப்பு வைத்த அந்தக் காலத்துச் சாமான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா வீட்டில் கல்யாண நாள் விருந்து. பாட்டு போடும் பொறுப்பு டிரைவருக்கு. எல்லாரும் ஆட ஆரம்பித்ததும் அவர் சத்தத்தை முழுதாகத் திருகினார். உள்ளே ‘டொப்’ என்று ஒரு சத்தம், கருகிய வாடை, அப்புறம் பாட்டுக்குப் பதில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல்.

“மாமா எல்லார் முன்னாடியும், ‘கம்பெனியில மூடினதுக்கப்புறம் ஒரு ஸ்க்ரூ கூடத் திறக்காத சாமானை ஒரே ராத்திரியில கொன்னுட்டியே’ன்னு கத்தினார். அக்கா அவர் பக்கம் நின்னா. நானும் கோவத்துல, ‘ஒரு ஓட்டை டப்பாவுக்காகத் தம்பியை விட்டுக் குடுக்குறியா’ன்னு கேட்டுட்டேன். அன்னையிலேருந்து பேச்சு வார்த்தை இல்ல மேடம். ஆறு வருஷம். என் பொண்ணு பிறந்ததுக்குக்கூட வரல.”

“ரிசீவர் என்ன ஆச்சு?”

“அன்னிக்கே அக்கா அதைப் போர்வையில சுத்தி அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டா. சாவி அவ இடுப்புல. போன வாரம்தான் வெளிய எடுத்து ரேடியோக்காரர்கிட்ட குடுத்திருக்கான்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்க. பவர் சப்ளை கெப்பாசிட்டர் போயிருக்காம், மாத்திட்டாராம். இன்னைக்கு அஞ்சு மணிக்கு எடுத்துக்க வர்றாங்க. அந்த ரேடியோக்காரர் கழட்டின பழைய பார்ட்ஸை ஒரு பையில போட்டுத் திருப்பிக் குடுப்பார். அதை நீங்க பாத்துச் சொல்லணும், நான்தான் கெடுத்தேனா, இல்ல ஏற்கெனவே யாராவது கைவச்சதான்னு. நான் சொன்னா அக்கா நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.”

“நீங்களே போய்ப் பாக்கலாமே?”

“ஐயோ! நான் போனா ஏதோ தில்லுமுல்லு பண்ணிட்டேன்னு மாமா சொல்லுவார். அந்தக் கடை வாசப்படியைக்கூட நான் மிதிச்சதில்ல.”

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்தக் கைப்பையில் பூதக்கண்ணாடி, டார்ச், நகவெட்டி, தலைவலி மாத்திரை எல்லாம் உண்டு. தேடினால் ஒரு சின்ன போலீஸ் நிலையமே கிடைக்கும் என்பது கொழுந்தனின் கருத்து.

ரேடியோக்காரரின் கடை மூன்று தெரு தள்ளி, சைக்கிள் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்தது. பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு. கொழுந்தன் முன்னால் போய்த் தள்ளினான். நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினான். கதவு ‘கீச்’ என்று கேலி செய்துவிட்டு அங்கேயே நின்றது.

“வீட்டுல ஊறுகாய் பாட்டிலையே திறக்க முடியாது. இதுல கதவா?” என்றார் அண்ணி.

“தள்ளுங்க சார்” என்று டிரைவர் முன்னால் வந்தார். கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கி, கீழே முழங்காலால் ஒரு முட்டு முட்டினார். கதவு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு திறந்தது.

“டிரைவர்னா டிரைவர்தான்” என்று பாராட்டினான் கொழுந்தன். அண்ணி கதவின் கீழ்ப்பகுதியை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளே ஈயம் உருகிய வாசனை. சுவர் முழுக்க திறந்த வயிறோடு ரேடியோக்கள். நடுவில் ஒரு வெள்ளை விளக்கின் கீழே அந்த ரிசீவர் மூடி கழற்றப்பட்டுப் படுத்திருந்தது. அதன்மேல் குனிந்திருந்த ரேடியோக்காரர் நிமிராமலேயே, “ரெண்டு நிமிஷம், உக்காருங்க” என்றார். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, நெற்றிக்குத் தூக்கிவிட்ட கண்ணாடி.

உட்காரச் சொன்னால் உட்காரும் பழக்கம் கொழுந்தனுக்கு இல்லை. தரையில் ஒரு பெட்டி நிறைய பழைய கெப்பாசிட்டர்கள் கிடந்தன. ஊறுகாய் ஜாடி மாதிரி உருண்டையான அலுமினிய டப்பாக்கள். ஒன்றை அலட்சியமாகத் தூக்கினான். எதிர்பார்த்ததைவிடக் கனம். கை நழுவி, கால் கட்டைவிரலுக்கு ஒரு அங்குலம் தள்ளி விழுந்தது.

“பாத்து சார். பழைய காலத்து ஐட்டம், கனம் ஜாஸ்தி” என்றார் ரேடியோக்காரர்.

சும்மா இருப்பானா? அடுத்து ரிசீவருக்குள்ளேயே விரலை நீட்டினான். ரேடியோக்காரர் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் அவன் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினார்.

“பிளக்கைப் பிடுங்கிட்டாலும் உள்ள கரண்டு தேங்கி நிக்கும். தொட்டா சுவத்துல போய் ஒட்டிக்குவீங்க. சுவத்திலேருந்து வர்ற கரண்டு அலை அலையா வரும் சார். இந்த ரெண்டு கெப்பாசிட்டரும் தண்ணித் தொட்டி மாதிரி. அதை வாங்கித் தேக்கிச் சமமா விடும். தொட்டி ஓட்டையானா அந்த அலை அப்படியே ஸ்பீக்கருக்கு வந்து உறுமும். சத்தத்தைச் சுத்தமா குறைச்சாலும் உறுமல் மட்டும் நிக்காது.”

“எங்க அண்ணன் குறட்டையும் அப்படித்தான்” என்றான் கொழுந்தன்.

“இவனைப் பொருட்படுத்தாதீங்க” என்றார் அண்ணி. வந்த விஷயத்தைச் சொன்னார். ரிசீவர் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு தொங்கியது. அது எதற்கு என்றும் கேட்டார்.

“புதுசா எதை மாத்தினாலும் நேரா கரண்டு குடுக்க மாட்டேன்மா. முதல்ல இந்த பல்பு வழியாத்தான். உள்ள ஏதாவது கோளாறுன்னா பல்பு பளிச்சுனு எரியும், ரிசீவர் தப்பிச்சுடும்.”

“புரியுது. அண்ணன்கிட்ட நேரா சொல்ல முடியாததை அண்ணி என் வழியாத்தான் சொல்லுவாங்க. எங்க வீட்டு பல்பு நான்தான்.”

ரேடியோக்காரர் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்து மேஜையில் வைத்தார். “இதான் பழசு. யார் சாமானா இருந்தாலும் கழட்டின பார்ட்ஸ் அவங்களுக்கே சொந்தம். இருபத்தாறு வருஷமா அப்படித்தான். இந்த வீட்டுக்காரர் மட்டும் போன் பண்ணி, ‘பழசைத் தூக்கிப் போட்டுடுங்க’ன்னு மூணு தடவை சொன்னார். போட மாட்டேன்னுட்டேன்.”

“பாத்தீங்களா! மாமா ஏன் தூக்கிப் போடச் சொல்றார்?” என்றார் டிரைவர்.

அண்ணி பையைத் திறந்து கவிழ்த்தார். இரண்டு கெப்பாசிட்டர்கள் உருண்டு வந்தன. கறுப்பு உறை போட்டு, கட்டைவிரல் பருமனில், மெலிசாக, இந்தக் காலத்துப் பொருளாக இருந்தன.

டிரைவர் துள்ளி எழுந்தார். “இது கம்பெனியில போட்டதே இல்ல! புது மாடல்! யாரோ முன்னாடியே மாத்தியிருக்காங்க! அப்போ நான் கெடுக்கல!”

“பத்து நிமிஷத்துல கேஸ் முடிஞ்சுது. இப்பவே கிளம்பினா காபி சூடா கிடைக்கும்” என்றான் கொழுந்தன்.

அண்ணி எழுந்திருக்கவில்லை. ரிசீவருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். புதிதாகப் போட்ட இரண்டு கெப்பாசிட்டர்களையும் இரண்டு பெரிய உலோக வளையங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. வளையத்துக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவில் ரப்பர் பட்டை சுற்றியிருந்தது.

“இந்த ரப்பர் எதுக்குங்க?”

“அந்தக் காலத்துல இதே அளவு கெப்பாசிட்டர் இவ்வளவு பெருசு” என்று ரேடியோக்காரர் இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினார். “இப்போ வர்றது பாதிதான் இருக்கு. வளையத்துல நிக்காம ஆடும். அதான் ரப்பரைச் சுத்தி இறுக்கினேன்.”

“பழசைக் கழட்டும்போது இந்த மாதிரி ஏதாவது சுத்தியிருந்துச்சா?”

“இல்லையே. வளையத்துல கச்சிதமா உக்காந்திருந்துச்சு.” சொல்லும்போதே ரேடியோக்காரரின் முகம் மாறியது. நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, மேஜையில் கிடந்ததைக் கையில் எடுத்தார். “அம்மா... இது நான் கழட்டினது இல்ல.”

“இல்லைதான். இந்த உறையில நாலு எண் இருக்கு. முதல் ரெண்டும் செஞ்ச வருஷம், அடுத்த ரெண்டும் வாரம். சரிதானே? இது பிறந்தே நாலு வருஷம்தான் ஆகுது. ஆறு வருஷமா அலமாரியில பூட்டிக் கிடந்த ரிசீவருக்குள்ள இது எந்தச் சந்துல நுழைஞ்சுது?”

கொழுந்தனுக்குத் தையல்காரர் மேல் சந்தேகம் பொத்துக்கொண்டு வந்தது. “மூணு தடவை போன் பண்ணினவர் நாலாவது தடவை நேர்லயே வந்து மாத்திட்டார் அண்ணி!”

“தையல்காரர் மாத்தினா, தன் ரிசீவரை யாரோ தொட்டிருக்காங்கன்னு காட்டுற சாமானையா வைப்பார்? மச்சானைக் காப்பாத்துற சாமானைக் கொண்டுவந்து வைக்க அவருக்கு என்ன தலையெழுத்து?” அண்ணி திரும்பாமலேயே கேட்டார். “டிரைவர் தம்பி, இந்தக் கடைக் கதவை எப்படித் திறக்கணும்னு உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?”

டிரைவர் கான்வாஸ் பையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“இவர் நேத்தே வந்தாரேம்மா” என்றார் ரேடியோக்காரர் வெள்ளந்தியாக. “பஸ்ல இருக்கிற ரேடியோ கரகரங்குதுன்னு. நானும் ஒயர் தேடி உள்ள போனேன். கஸ்டமர்தானேன்னு நினைச்சேன்.”

டிரைவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கான்வாஸ் பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியிலிருந்து இரண்டு பெரிய நீல டப்பாக்களை எடுத்து மேஜையில் வைத்தார். ரிசீவர் கம்பெனியின் முத்திரை அதில் அப்படியே இருந்தது.

“இதைத்தான் எடுத்தேன். பையைத் திறந்து பாத்தேன் மேடம். கம்பெனி போட்டது. யாரும் கைவைக்கல. அப்போ நான்தானே கெடுத்திருக்கேன்? பழைய சாமான் கடையில ரெண்டு புது மாடலை வாங்கிட்டு வந்திருந்தேன். ஒரு வேளை தேவைப்படும்னு. வச்சுட்டேன்.”

“வச்சுட்டு, அதைக் கண்டுபிடிக்க என்னைக் கூட்டிட்டு வந்தீங்க.”

“நீங்க சொன்னா அக்கா நம்புவா. எனக்கு ரிசீவர் வேண்டாம், நியாயம் வேண்டாம், மேடம். அக்கா வேணும்.”

கொழுந்தனுக்கு ஒரு ஜோக் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டான். அந்த ஆள்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

அண்ணிக்குக் கோபம் வந்திருந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. “எரியாத கடைக்கு நெருப்பு வச்சுட்டு இழப்பீடு கேட்டவங்களை நிறைய பாத்திருக்கேன். அழுதவங்களும் உண்டு. அஞ்சு மணிக்கு உங்க அக்காகிட்ட நான் பாத்ததைப் பாத்தபடி சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.”

“சொல்லுங்க” என்றார் டிரைவர், தரையைப் பார்த்துக்கொண்டே.

அப்போது கதவு ‘கீச்’ என்றது. நான்கு முறை கீச்சிய பிறகு ரேடியோக்காரரே போய்த் திறந்துவிட்டார். முன்னால் வந்த அம்மாள் டிரைவரின் மூக்கையும் நெற்றியையும் அப்படியே அச்செடுத்த மாதிரி இருந்தார். பின்னால், இந்த வெயிலிலும் கோட்டுப் போட்ட தையல்காரர்.

“அஞ்சு மணிக்கு வர்றேன்னு சொன்னேன். இவர்தான் சீக்கிரம் போகணும், சீக்கிரம் போகணும்னு...” என்று ஆரம்பித்த அக்கா, தம்பியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். டிரைவர் எழுந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க, இருவருக்கும் ஒரே சுவர்க் காலண்டர் தேவைப்பட்டது.

தையல்காரரின் கண் நேராக மேஜைக்குப் போனது. “இதையெல்லாம் ஏன் சார் வச்சிருக்கீங்க? குப்பைதானே? குடுங்க, நானே போற வழியில போட்டுடறேன்.” கையை நீட்டினார்.

இந்த மாதிரி நேரத்தில் கை கால் சும்மா இருக்காமல் ஏதாவது செய்வது கொழுந்தனின் பிறவிக் குணம். தையல்காரரின் கை போய்ச் சேருமுன் இரண்டு நீல டப்பாக்களையும் கைக்கு ஒன்றாக எடுத்து, உடற்பயிற்சி செய்கிறவன் மாதிரி மேலும் கீழும் தூக்கினான். இறுக்கம் குறையட்டும் என்றுதான் செய்தான். மூன்றாவது முறை தூக்கும்போது கை நின்றுவிட்டது.

“அண்ணி... இது கனமே இல்ல.”

“விளையாட்டை விடு.”

“விளையாட்டில்ல. அந்தப் பெட்டியில இருந்தது என் கால் விரலைக் கேட்டுச்சு. இதுவும் அதே பருமன்தான். இதை உங்க கைப்பையில போட்டா இருக்கிறதே தெரியாது.”

ரேடியோக்காரர் ஒன்றை வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். காதோரம் மெல்லக் குலுக்கினார். “ஸ்க்ரூ டிரைவரால நெம்பி அப்படியே பையில போட்டேன். கெப்பாசிட்டர் செத்துப் போச்சுன்னு மீட்டர் சொல்லுச்சு, அதோட விட்டுட்டேன். கையில வச்சே பாக்கல” என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

அண்ணி பூதக்கண்ணாடியை எடுத்தார். உலோக வளையம் இறுக்கிய தடத்துக்கு அடியில், டப்பாவைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. வளையம் இருந்தவரை அது வெளியே தெரிந்திருக்காது. நகத்தால் சுரண்டினார். மஞ்சளாக ஏதோ சுருண்டு வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு அக்காவிடம் நீட்டினார். “இது என்னம்மா?”

“மெழுகு” என்றார் அக்கா. “பட்டன் தைக்கிற நூலுக்குத் தடவுவோம்.” சொல்லிவிட்டு அவரே தன் வார்த்தையை யோசிக்க ஆரம்பித்தார்.

அண்ணி டப்பாவைத் திருகினார். இரண்டாகப் பிரிந்தது. உள்ளே பஞ்சணையில் படுத்த குழந்தை போல ஒரு மெலிந்த கெப்பாசிட்டர், ஒயரோடு இருந்தது. ஆடாமல் இருக்க அதைச் சுற்றி ஊதா நிறத் துணி, ஓரம் பல் பல்லாக வெட்டி, மடிப்புக் கலையாமல் சுற்றி, மெழுகு நூலால் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. இரண்டாவது டப்பாவிலும் அதே வேலைப்பாடு. சட்டை மட்டும்தான் கம்பெனியுடையது, உடம்பு வேறு.

ரேடியோக்காரர் உள்ளே இருந்ததைப் படித்தார். “வெளிய ஐம்பது வோல்ட்டுன்னு இருக்கு. உள்ள முப்பத்தஞ்சு. இந்த ரிசீவர்ல நாப்பத்திரண்டு ஓடும். எப்படிங்க தாங்கும்? கொஞ்ச நாள் தாங்கினதே பெரிசு.”

“சத்தத்தை முழுசா வச்சதால இல்லையா?” டிரைவரின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“அன்னைக்கு நீங்க இல்ல, பக்கத்துல ஒரு பூனை உக்காந்திருந்தாலும் இது வெடிச்சிருக்கும்.”

அக்கா அந்த ஊதாத் துணியை எடுத்து விரித்தார். சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி போட்ட துணி. “இது லைனிங். நம்ம கடையில ஒரே ஒரு கோட்டுக்குத்தான் இதை வாங்கினோம்” என்றார் மெதுவாக. கணவர் பக்கம் திரும்பி, அவர் போட்டிருந்த கோட்டின் முன்பக்கத்தை ஒரு விரலால் விலக்கிக் காட்டினார். உள்ளே ஊதா. சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. “விருந்துக்குன்னு நீங்க தைச்சுக்கிட்ட கோட்டு. அன்னைக்கு ராத்திரியே ரிசீவரை நான் பூட்டிட்டேன். அப்போ இந்தத் துணி விருந்துக்கு முன்னாடியே உள்ள போயிருக்கு.”

தையல்காரர் கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். “விருந்துக்கு ஒரு மாசம் முன்னாடி லேசா உறும ஆரம்பிச்சுது. ஒரு புத்தகத்துல படிச்சேன், சுலபம்னு போட்டிருந்தான். புதுசு சின்னதா இருந்துச்சு, பாக்க அசிங்கமா இருந்துச்சு. அதான் பழைய டப்பாவுக்குள்ளயே வச்சு... அது போனதும் எல்லாரும் இவனைப் பாத்தாங்க. நானும் இவனைப் பாத்துட்டேன். மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன். மறுநாள் நீ அழுதுக்கிட்டு இருந்தே. அப்புறம் நாள் ஆக ஆகச் சொல்ல முடியல.”

“ஆறு வருஷத்துல ஒரு மறுநாள்கூடக் கிடைக்கலையா?”

அக்கா தம்பியிடம் வந்தார். ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். “நீயாவது, ‘நான் செய்யல’ன்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாமேடா?”

“எனக்கே தெரியலையேக்கா” என்றார் டிரைவர். நாற்பது வயது ஆள், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, உதட்டைக் கடித்தும் முடியாமல் அழுதுவிட்டார்.

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான். “அண்ணி, டப்பாவை மாத்தி வச்ச கதையையும் சொல்லப் போறீங்களா? எல்லாம் நல்லா முடிஞ்சிருச்சே.”

அண்ணி சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். “அஞ்சு மணிக்குச் சொல்றேன்னுதான் சொன்னேன். இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு” என்றார், டிரைவருக்கும் கேட்கிற அளவு சத்தமாக.

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொல்லாவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம் அவர் கண்ணில் ஓடி மறைந்ததைக் கொழுந்தன் பார்த்தான்.

“அக்கா, நானும் ஒண்ணு சொல்லணும்.” பழைய சாமான் கடை, கரகரக்காத பஸ் ரேடியோ, துணிப் பை, கான்வாஸ் பை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். “நான் கெடுத்துட்டேன்னுதான் நினைச்சேன். நினைச்சும் உன்னை ஏமாத்தப் பாத்தேன். மேடம் பிடிச்சிட்டாங்க.”

ரேடியோக்காரர் இல்லாத தூசியைத் துடைத்தார். தையல்காரர் முகத்தில், தனக்கும் ஒரு துணை கிடைத்த லேசான தெம்பு தெரிந்தது. அதை அக்கா பார்த்துவிட்டார்.

“நீங்க ரொம்ப சந்தோஷப்படாதீங்க” என்றார் கணவரிடம். “நீங்க பொய் சொன்னது நான் இவன்கூடப் பேசாம இருக்க. இவன் பொய் சொன்னது நான் இவன்கூடப் பேச. ரெண்டும் எனக்கு ஒண்ணாகுமா?” பிறகு அண்ணியிடம் திரும்பினார். “ஆறு வருஷத்துல என்கூடப் பேசணும்னு ஒருத்தர் மெனக்கெட்டு ஏதாவது செஞ்சாங்கன்னா, அது இவன் பண்ணின இந்தத் திருட்டு ஒண்ணுதாம்மா.”

அண்ணி கைப்பையை மூடினார். தலைவலி மாத்திரையில் ஒன்றை மட்டும் வெளியே எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்தார். இன்று இரவு தேவைப்படும் என்று சொல்லாமலேயே அவருக்குப் புரிந்தது.

ரேடியோக்காரர் மூடியைப் பொருத்தி ஸ்க்ரூக்களை முடுக்கினார். ரிசீவர் பதினெட்டு கிலோ. தையல்காரர் ஓடி வந்து கையை வைத்தார்.

“நீங்க கதவைத் திறந்து பிடிங்க, போதும்” என்றார் அக்கா. “டேய், அந்தப் பக்கம் பிடி. குனிஞ்சு தூக்காத, முழங்காலை மடக்கித் தூக்கு. முதுகு பிடிச்சுக்கிட்டுப் போன மாசம்தான் நாலு நாள் படுத்திருந்தே.”

டிரைவர் தூக்கியதை அப்படியே நிறுத்தினார். “உனக்கு யாருக்கா சொன்னது?”

“யார் சொல்லணும்? நம்ம தெரு முனையில பஸ் திரும்பும்போது நாலு நாளா ஸ்டீயரிங்ல வேற மூஞ்சி இருந்துச்சு. அஞ்சாம் நாள் முதுகுக்குத் தலகாணி வச்சுக்கிட்டு நீ திரும்பினப்புறம்தான் எனக்குச் சோறே இறங்குச்சு. நட.”